வட்டப் பாதையும் ரப்பர் சக்கரமும்



விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போகிறோம். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அந்தப் பால் அப்புறம் எங்கே போகிறது? உலகில் விளையும் ரப்பரில் பெரும்பகுதி டயராகத்தான் மாறுகிறது. அந்த டயரை மிகக் கடுமையாகச் சோதிக்கும் இடங்களில் ஒன்று நீள்வட்டக் கார்ப் பந்தயப் பாதை. அதன் கதையை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் 1909ஆம் ஆண்டு ஒரு பந்தயப் பாதை திறக்கப்பட்டது. ஒரு சுற்று நான்கு கிலோமீட்டர். வளைவுகளில் கார் வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்க, பாதையின் வெளிப்புறத்தைச் சற்று உயர்த்திச் சாய்வாகக் கட்டினார்கள். ஆனால், சரளைக் கல்லும் தாரும் போட்ட தரை கார்களின் ஓட்டத்தில் பெயர்ந்துவிட்டது. முதல் கார்ப் பந்தயங்களிலேயே ஓட்டியவர், மெக்கானிக்குகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என ஐந்து பேர் மாண்டனர். அதன்பின் சுமார் 32 லட்சம் செங்கற்களைப் பதித்துப் பாதையைச் சீர்செய்தார்கள்.

1911ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அங்கே முதலாவது 500 மைல் பந்தயம் நடந்தது. இருநூறு சுற்றுகள், நாற்பது கார்கள். செயற்கை ரப்பர் டயர் புழக்கத்துக்கு வராத காலம் அது. அமேசான் காட்டு ரப்பரும் மலாயா போன்ற நாடுகளின் தோட்ட ரப்பரும்தான் டயருக்கு மூலப்பொருள்.

ரே ஹரூன் என்பவர் ஒரு மஞ்சள் காரில் வந்தார். காரின் பெயர் 'வாஸ்ப்', அதாவது குளவி. மற்றவர்கள் பின்னால் வரும் கார்களைப் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஹரூன் ஆள் வைத்துக்கொள்ளாமல், முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். அவர் போட்ட இன்னொரு கணக்குதான் முக்கியம். வேகம் கொஞ்சம் கூடினாலும் டயர் தேய்வது பல மடங்கு கூடும் என்று அறிந்து, மணிக்கு 120 கிலோமீட்டர் அளவிலேயே ஓட்டினார். முந்திப் பறந்தவர்கள் டயர் மாற்ற அடிக்கடி நின்றார்கள். ஆறு மணி 42 நிமிடத்தில் ஹரூன் வென்றார். பதறாத காரியம் சிதறாது அல்லவா?

அதே மைதானத்துக்கு 2005ஆம் ஆண்டு ஒரு தமிழர் சென்றார். அவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அந்த ஆண்டு மார்ச் மாதம் நம் நாட்டில் சிப்பாங்கிலும் ஓட்டி, பதினொன்றாவதாக வந்தார். ஜூன் 19ஆம் நாள் இண்டியானாபொலிஸில் டயரே தகராறாகிவிட்டது. பழைய நீள்வட்டத்தின் சாய்வான வளைவு ஒன்றை ஒரு நிறுவனத்தின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போதே டயர் பழுதாகி ஒரு கார் சுவரில் மோதியது. பந்தய நாளில் பதினான்கு கார்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. மீதி ஆறு கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். சுலபமாகக் கிடைத்த புள்ளி என்று சிலர் சொல்லக்கூடும். அந்த இடத்தை அடைய, அதே வளைவைச் சுற்றுக்குச் சுற்று கடந்து, கடைசிவரை காரைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டியிருந்ததை மறக்கலாமா?

2010ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் 'நாஸ்கார்' டிரக் பந்தயங்களிலும் நீள்வட்டப் பாதைகளில் ஓட்டினார். அந்தப் பிரிவில் மக்கள் மனம் கவர்ந்த ஓட்டுநராக ரசிகர்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

நம் ஜொகூருக்கும் பந்தயம் புதிதல்ல. பாசிர் கூடாங்கில் 1986ஆம் ஆண்டு பந்தயப் பாதை அமைந்தது. 1998ஆம் ஆண்டு உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றும் அங்கே நடந்தது. பார்த்த பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயற்கை. ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதையில் சாய்வு வளைவும் இல்லை, பாதுகாப்புச் சுவரும் இல்லை. மழை பெய்தால் வழுக்கும். எதிரே பால் லாரி வரும். வழவழவென்று தேய்ந்த டயரோடு அங்கே பந்தயம் விட்டால், வீட்டில் காத்திருப்பவர்கள்தான் கலங்க வேண்டும்.

ஆகவே, மகன் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது டயரின் பள்ளங்களை ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்வோம். ரப்பரின் அருமை நமக்குத் தெரியாததா?