ஒரு ஃபுட்டை மாற்றிப் பாருங்கள்

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் நடந்த ‘தெரிந்ததைச் சொல்வோம்’ நிகழ்ச்சியில், பி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. செயலாளர் சார் கூப்பிட்டு, "அம்மா, தையலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்றார். "தைக்கச் சொல்லுங்கள், தைத்துத் தருகிறேன். பேசச் சொல்லாதீர்கள்" என்றேன். விடவில்லை. அதனால் ஒரு டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பேச்சு தடுமாறினால் இதைத் திறந்து காட்டிச் சமாளித்துக்கொள்வேன்.

முதலில் ஒரு கேள்வி. வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். பத்தொன்பது பேர். போன மாதம் ஒரு நாளாவது அதில் தைத்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். நான்கு பேர். அப்படியென்றால் மற்ற பதினைந்து மெஷின்களும் என்ன செய்கின்றன? ஒன்றின்மேல் அயர்ன் செய்ய வேண்டிய துணி இருக்கும், இன்னொன்றின்மேல் வைஃபை பெட்டி இருக்கும். வெட்கப்பட வேண்டாம். என் மெஷினும் அப்படித்தான் கிடந்தது.

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் இருக்கிறதல்லவா, 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம், அதற்குள் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். லைனில் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் கை வைப்பார், ஒருவர் பாக்கெட் வைப்பார். எனக்குக் காலர். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கும், அதைத் தொட்டாக வேண்டும். எத்தனை ஆயிரம் காலர் தைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு முழுச் சட்டையை நான் தைத்ததே இல்லை. ஓய்வு பெற்றதும், இனி மெஷின் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இருந்தது என் அம்மாவின் கறுப்பு உஷா மெஷின், காலால் மிதிப்பது. 1930-களில் கல்கத்தாவில் தொடங்கிய கம்பெனி அது. குரோம்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில், அப்பா போனபிறகு, ஊரார் ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்து எங்கள் மூன்று பேரையும் அம்மா கரையேற்றியது அந்த மெஷினில்தான். நாங்கள் இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது, "அம்மா, இதற்கு இடமில்லை" என்றான் மகன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டாயிற்று. அவர் மேசையைக் கவிழ்த்தார். டிராயருக்குப் பின்னால் ஏதோ குலுங்கியது. கையை விட்டு எடுத்தால் இந்த பவுடர் டப்பா.

உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி ஐந்து ஃபுட். ஒன்றில் சுருள், ஒன்றில் பள்ளம், ஒன்றுக்கு ஒரே கால். ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். கம்பெனியில் இதே ஜாதிதான், இன்னும் கனமாக, ஒவ்வொரு மெஷினிலும் ஒன்று நிரந்தரமாக மாட்டியிருக்கும். அங்கே ஒரு மெஷினுக்கு ஒரு ஃபுட், ஒரு ஆளுக்கு ஒரு வேலை. அம்மாவிடம் இருந்தது ஒரே மெஷின், ஐந்து ஃபுட். மாற்றி மாற்றி மாட்டி, ஒரு முழு உடுப்பை அவளே தைத்து முடித்திருக்கிறாள். இரும்புக்காரருக்கு மோர் கொடுத்து, "மன்னியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சரி, இந்த ஃபுட் என்னதான் செய்கிறது? ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கிறது. அடியில் இருக்கும் பல் துணியைப் பின்னால் தள்ள வேண்டுமென்றால் மேலே இருந்து ஒன்று அமுக்க வேண்டும். ஊசி மேலே ஏறும்போது துணியும் கூடவே எழும்பிவிடக் கூடாது. எழும்பினால் நூலில் வளையம் சரியாக விழாது, தையல் விட்டுப்போகும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெரும்பாலான மெஷின்களில் ஃபுட்டை இறக்கினால்தான் மேல் நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகும், தூக்கினால் தளரும். அதனால் நூல் கோக்கும்போது ஃபுட் மேலே இருக்க வேண்டும், தைக்கும்போது கீழே இருக்க வேண்டும். அடியில் நூல் சிக்குச் சிக்காகக் குவிகிறது, மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள். பாதி வீட்டில் மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மெஷினோடு வரும் சாதாரண ஃபுட் எல்லா வேலைக்கும் சுமாராகப் போதும். ஆனால் சில வேலைகளுக்கு அது ஒத்துழைக்காது. நமக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுகிறோம். தப்பு கையில் இல்லை.

நானே அனுபவித்தேன். பேத்தி கவுனுக்கு ஜிப் வைக்க உட்கார்ந்தேன். ஜிப் ஃபுட்டைத் தேடிப் பிடித்து மாட்டச் சோம்பல்பட்டு சாதாரண ஃபுட்டிலேயே ஓட்டினேன். அது ஜிப்பின் பல் மேலே ஏறியது, சரிந்தது, ஊசி ஜிப்பில் இடித்து உடைந்தது. துண்டு பறந்துவந்து என் மூக்குக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் இன்று உங்கள் முன் இப்படிச் சிரித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். இருபத்தொரு வருஷத் தையல்காரிக்கே இந்தக் கதி. அன்றுமுதல் எனக்கு ஒரு விதி: எந்த ஃபுட்டை மாற்றினாலும், முதல் இரண்டு தையலைக் கைச்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பெடலில் கால் வைப்பேன். ஊசி எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்தபிறகுதான் ஓட்டம்.

இனி டப்பாவைத் திறக்கிறேன்.

இது ஜிப் ஃபுட். ஒரே கால்தான். அதனால் ஜிப்பின் பல்லை ஒட்டியே தையல் போகும். இந்தத் திருகைத் தளர்த்தினால் ஊசிக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்திக்கொள்ளலாம். தலையணை உறை, கவுன், பர்ஸ் எல்லாவற்றுக்கும் இது ஒன்று போதும்.

இது பைப்பிங் ஃபுட். அடியில் பள்ளம் பாருங்கள். பிளவுஸ் கழுத்துக்குக் கயிறு வைத்த பைப்பிங் கொடுத்தால், அந்தக் கயிறு இந்தப் பள்ளத்துக்குள் ஓடும், தையல் கயிற்றை ஒட்டி விழும். பைப்பிங் துணியை மட்டும் நேராக வெட்டாதீர்கள், கிராஸாக வெட்டுங்கள். நேர்த்துணி கழுத்து வளைவில் திரும்பாது, சுருங்கி நிற்கும்.

இந்தச் சுருள் உள்ளது ஓரம் மடிக்கும் ஃபுட். கர்சீஃப், துப்பட்டா, காட்டன் புடவை முந்தி ஓரம் எல்லாம் இதில் தானாகவே இரண்டு சுற்று மடிந்து வரும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும், பழகும்வரை ரத்தம் கொதிக்கும். ரகசியம் ஆரம்பத்தில்தான். முதல் ஒரு அங்குலத்தைக் கையால் மடித்து விரலால் அழுத்தி, சில தையல் போட்டு, நூல் நுனியைப் பின்னால் லேசாகப் பிடித்துக்கொண்டு, பிறகு துணியைச் சுருளுக்குள் விடுங்கள். நிறைய கொடுத்தால் பிதுங்கும், குறைத்தால் மடிப்பு அவிழும். ஒரே அளவாகக் கொடுக்க வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்துப் பத்து முழம் பழகுங்கள், பதினோராவது முழத்தில் வந்துவிடும்.

இந்த நண்டு மாதிரி இருப்பது ஃப்ரில் ஃபுட். இதன் கை ஊசித் திருகின்மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் இது துணியைத் தள்ளி மடிப்பு வைக்கும். என்னுடையதில் ஒவ்வொரு தையலுக்கும், ஆறு தையலுக்கு ஒன்று, பன்னிரண்டு தையலுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகளின் பாவாடைக்குக் கையால் சுருக்கு இழுக்கும் வேலை மிச்சம். துணி மட்டும் இரண்டு பங்குக்குக் குறையாமல் வேண்டும். முதலில் ஒரு முழத் துண்டில் ஓட்டி, எவ்வளவாகச் சுருங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

டப்பாவில் இல்லாமல் நான் புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்று, வாக்கிங் ஃபுட். சாதாரணமாக அடித்துணியை மட்டும்தான் பல் தள்ளும், மேல்துணி வழுக்கிப் பின்தங்கும். பழைய புடவைகளை மூன்று நான்காக அடுக்கிப் போர்வை தைத்தால் கடைசியில் ஒன்றுக்கொன்று நீளம் சேராதது இதனால்தான். இந்த ஃபுட்டுக்கு மேலேயும் பல் உண்டு, இரண்டு துணியும் சேர்ந்தே நகரும்.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. நான் ஆசைப்பட்டு ஆன்லைனில் முப்பத்திரண்டு ஃபுட் கொண்ட ஒரு செட் வாங்கினேன். எனக்கு உதவியது ஐந்தாறுதான். பாதிக்கு மேல் ஜிக்ஜாக் மெஷினுக்கானது, என் கறுப்பு மெஷினோ நேர்த்தையல் மட்டும் போடும். நேர்த்தையலுக்கான சின்ன ஓட்டை உள்ள ஃபுட்டை மாட்டிக்கொண்டு ஜிக்ஜாக் போட்டாலும் ஊசி உடையும், அதையும் மறக்காதீர்கள். முதலில் அளவு பாருங்கள். ஃபுட்டை இறக்கி, அதை மாட்டும் திருகின் நடுவிலிருந்து கீழே தட்டு வரை அளந்தால், வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் சுமார் அரை அங்குலம் இருக்கும். பெரிய தொழிற்சாலை மெஷினில் ஒரு அங்குலம் வரும். ஒன்றுக்கு உரியது மற்றதில் சேராது. சந்தேகமாக இருந்தால் பழைய ஃபுட்டைக் கழற்றி பர்ஸில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஜிப், பைப்பிங், ஓரம் மடிப்பது, இந்த மூன்றும் முதலில் போதும்.

கீழ்வீட்டுச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் தைக்க ஆரம்பித்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில், "மேலே யாரோ கடற்கரை ரயில் விடுகிறார்கள்" என்று ஒரு செய்தி வந்தது. கோபம் வந்தது, பிறகு இறங்கிப்போய் அவர்கள் ஹாலில் உட்கார்ந்து கேட்டேன். நிஜமாகவே ரயில்தான். கால் ஸ்டாண்டின் போல்ட்டுகளை முறுக்கி, எண்ணெய் விட்டு, அடியில் கனமான ரப்பர் மேட் போட்டேன். காலை பத்திலிருந்து ஒன்று, மாலை நான்கிலிருந்து ஏழு, அதற்கு மேல் மெஷினைத் தொடுவதில்லை. இப்போது அவர்களும் தைக்க வந்துவிட்டார்கள் என்று கதை சொல்ல ஆசைதான். வரவில்லை. ஆனால் லிஃப்ட்டில் பார்த்தால் சிரிக்கிறார்கள். அது போதும்.

இயந்திரங்களை அவ்வளவாக நம்பாத காந்தியடிகள், 1924-ல் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். அதைக் கண்டுபிடித்ததற்குப் பின்னால் மனைவியின் சிரமத்தைக் குறைக்கும் அன்பு இருந்தது என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு இன்னொரு காரணம் தோன்றுகிறது. இந்த மெஷின் நம்மை விரட்டுவதில்லை. நாம் மிதித்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். கம்பெனியில் ஒரு தையல் பிரித்தால் டார்கெட் போய்விடும். வீட்டில் பத்துத் தடவை பிரிக்கலாம், கேட்க ஆளில்லை. தைப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று ஓய்வு பெற்றபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன தீபாவளிக்குப் பேரனுக்கு ஒரு சட்டை தைத்தேன். முழுச் சட்டை. காலர் அரை மணி நேரத்தில் முடிந்தது, மீதிக்குப் பதினோரு நாள் ஆயிற்று. கை இரண்டையும் மாற்றி வைத்துப் பிரித்தேன். பட்டன் பட்டியில் ஒரு இடம் இன்னும் கோணல்தான். அவன் அதைப் போட்டுக்கொண்டு மத்தாப்பு கொளுத்தியபோது, அம்மா இருந்தால் அந்தக் கோணலைத்தான் முதலில் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். பார்த்துவிட்டு, பிரித்துத் தை என்றும் சொல்லியிருப்பாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் எல்லா ஃபுட்டும் வாங்கத் தேவையில்லை. சங்க அலுவலக அலமாரியில் ஒரு பெட்டி வைப்போம். என் டப்பாவில் இருப்பதை நான் தருகிறேன், உங்கள் டிராயரில் தூங்குவதை நீங்கள் போடுங்கள். நோட்டில் எழுதி எடுத்துப்போய், தைத்துவிட்டுத் திருப்பி வையுங்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் இந்த ஹாலில் இருப்பேன். முதல் வேலையாகப் பழைய புடவையில் மஞ்சப்பை தைப்போம். 2021 டிசம்பரிலிருந்து அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, நாமோ காய்கறிக்காரரிடம் இன்னும் கவர் கேட்கிறோம். நான்கு நேர்த்தையல், இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். ஆண்களும் வரலாம், நம் தெருமுனை டெய்லர்கள் எல்லாம் யாராம்?

இன்று வீட்டுக்குப் போனதும் அந்த வைஃபை பெட்டியை மட்டும் இறக்கி வைத்து, டிராயரைத் திறந்து பாருங்கள். உங்கள் அம்மாவோ மாமியாரோ ஒரு டப்பாவை விட்டுப்போயிருந்தாலும் இருக்கும்.