கொழுப்பு குறையட்டும், தசை குறைய வேண்டாம்



இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 செண்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டரையும் எட்டுமாயின், நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பு மிகும். அதற்காகப் பட்டினி கிடத்தல் தகாது. பட்டினியால் கொழுப்போடு தசையும் கரையும். மரம் வெட்டும் கைக்கும் பால்வாளி சுமக்கும் தோளுக்கும் தசையே வலு.

வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் போதும். சுகாதார அமைச்சு கூறும் முறை எளிது: தட்டில் காற்பங்கு சோறு, காற்பங்கு மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவு, எஞ்சிய பாதி காய்கறியும் பழமும். இனிப்பூட்டிய டின்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. ஆதலின் தேநீரில் அதனைக் குறையுங்கள்.

நிரை வேலையில் நடை உண்டு. ஆயினும் தசை வலுப்பெற, வாரத்தில் இரு நாளேனும் உட்கார்ந்தெழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் முதலிய பயிற்சிகளைச் செய்தல் வேண்டும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், மருத்துவரைக் கலந்த பின்னரே உணவைக் குறைக்க வேண்டும். இல்லையேல் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, நிரையிலேயே மயங்கி விழ நேரிடும்.

வலுக் குன்றாமல் கொழுப்பைக் குறைத்து நலமுடன் வாழ்வோமாக.