இரண்டு பாத்திமா பீவிகள்

(இரத்த தானக் கூட்டத்தில் இரத்த வங்கி ஆய்வகப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



"குரூப் ஒன்றுதானே, பிறகு ஏன் ஒரு மணி நேரம் காக்க வைக்கிறீர்கள்?" இரத்த வங்கி ஜன்னலில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் மீது எனக்குக் கோபமில்லை. உள்ளே அவருடைய உம்மா படுத்திருப்பார்.

குரூப் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. முன்பு இரத்தம் ஏற்றியவர், பிள்ளை பெற்றவர் உடலில் வேறு எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். அதனால்தான் நோயாளியின் சீரத்தோடு கொடையாளியின் சிவப்பணுவைச் சேர்த்துப் பார்க்கிறோம். கிராஸ் மேட்ச் என்பது இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கண்ணாடிக் குழாயில்தான். குழாயை மெதுவாகத் தட்டி, அணுக்கள் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் இலேசான கட்டு கலைந்துவிடும். இரவு மூன்று மணிக்கும் இதே கண், இதே கைதான்.

பிரான்சின் இவ் லாப்பியேர் 1980களில் உருவாக்கிய ஜெல் முறை அதை மாற்றியது. ஒரு சிறு பிளாஸ்டிக் அட்டை. அதில் ஜெல் நிரப்பிய ஆறு குழல்கள். 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, 10 நிமிடம் சுழற்றினால், கட்டிக்கொண்ட அணுக்கள் மேலே சிக்கி நிற்கும். கட்டாதவை அடியில் போய் உட்காரும். இன்றைய இயந்திரம் பார்கோடு படித்து, அளந்து ஊற்றி, சுழற்றி, படமெடுத்து, முடிவைக் கணினிக்கே அனுப்பிவிடுகிறது. அதற்குத் தூக்கம் வராது.

ஆனால் குழாயில் இருப்பது யாருடைய இரத்தம் என்று அதற்குத் தெரியாது. ஒட்டிய சீட்டைத்தான் நம்பும்.

ஒரு முறை ஒரே வார்டிலிருந்து இரண்டு பாத்திமா பீவிகளின் மாதிரி வந்தது. நம்மிடையே இது அதிசயமா என்ன! மாதிரி எடுத்தவர் மேசைக்குப் போய்ச் சீட்டு ஒட்டியதில் இரண்டும் மாறிவிட்டன. இயந்திரம் 'பி பாசிட்டிவ்' என்றது. அந்த மாதிரிக்கு பி இரத்தம் பொருந்தத்தான் செய்யும். நல்ல வேளை, அந்தப் பெண்ணின் பழைய பதிவில் 'ஓ பாசிட்டிவ்' என்றிருந்தது, பிடித்துவிட்டோம். ஓ குரூப்காரருக்கு பி இரத்தம் கொஞ்சம் ஏறினாலே சிறுநீரகம் பழுதாகலாம், உயிரும் போகலாம்.

ஆகவே, மாதிரி எடுக்க வருபவர் "பாத்திமா பீவியா?" என்று கேட்டால் இருவருமே ஆமாம் என்பார்கள். உங்கள் உம்மாவே தன் பெயரைச் சொல்லட்டும். உள்நோயாளி எண்ணையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டைக் கட்டிலருகிலேயே ஒட்டச் சொல்லுங்கள். இரண்டாம் முறை இரத்தம் எடுக்க வந்தால், "எத்தனை தடவை குத்துவீர்கள்?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். முதல் குழாயில் இருந்தது உங்கள் உம்மாவின் இரத்தம்தானா என்று பார்க்கத்தான் அவர் மறுபடி வந்திருக்கிறார்.