பூமியின் பழைய கணக்கு

கேரளத்தின் இடுக்கி மலைகளில், மூணாறுக்கு அண்மையில், சித்திரபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. திருவிதாங்கூரை ஆண்ட சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940-இல் செயற்படத் தொடங்கியபோது அதனோடு சேர்ந்து வளர்ந்தது. தேயிலைத் தோட்டங்களை நம்பி மலையேறிய தமிழ் மக்களின் வழிவந்தோர் அச்சுற்றுவட்டாரத்தில் இன்றும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர்.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் மத்திய கேரளத்தில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு ஏறத்தாழ 5. மறுமாதம் 7-ஆம் நாள் மீண்டும் ஓர் அதிர்ச்சி. அணைகள் நிறைந்த மலைநாட்டில் மக்கள் கலங்கியது இயல்பே. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இனி எப்போது வரும்?” இக்கேள்விக்கு விடை கூறவல்ல விஞ்ஞானி உலகில் எங்கும் இல்லை. நாளும் நாழிகையும் குறித்துப் பூகம்பத்தை முன்னறிவிக்கும் முறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. எனினும், “இதற்குமுன் இங்கே என்ன நடந்தது?” என்று நாம் கேட்போமாயின் விடை கிடைக்கும். அவ்விடையைத் தேடுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட ஒருவரைப் பற்றி இன்று நாம் சிறிது அறிந்துகொள்வோம்.

அவர் குசலா ராஜேந்திரன். பூமியின் உள்ளமைப்பையும் அசைவுகளையும் பௌதிக முறைகளால் ஆராயும் துறைக்குப் பூபௌதிகம் என்று பெயர். ரூர்க்கியில் அத்துறையைக் கற்ற அவர், திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் பணிபுரிந்தார். 1992-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். அவருடைய கணவர் சி. பி. ராஜேந்திரனும் இதே துறையினர். ஆராய்ச்சிகள் பலவற்றை இருவரும் இணைந்தே நடத்தினர்.

டாக்டர் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இடுக்கி மக்களுக்கு நெருங்கியது: நீர்த்தேக்கம் பூகம்பத்தைத் தூண்டுமா? தென் கரோலினாவின் மாண்டிசெல்லோ நீர்த்தேக்கத்தில் அவர் இதனை ஆராய்ந்தார். தேக்கிய நீரின் பாரம் கீழுள்ள பாறையை அழுத்துகிறது. நீர் மெல்ல மெல்ல வெடிப்புகளுக்குள் இறங்கி, பாறைகளிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. ஏற்கெனவே இறுக்கம் ஏறி நழுவும் தறுவாயில் நிற்கும் பிளவு அதனால் நழுவக்கூடும். மகாராஷ்டிரத்தின் கோயனாவில் 1967 டிசம்பரில் நேர்ந்த பூகம்பம் இவ்வகைக்குப் பேர்போன சான்று. எனினும் அணை கட்டிய இடமெல்லாம் பூமி நடுங்குவதில்லை. அணை இல்லாத இடத்திலும் நடுங்குவதுண்டு. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியைக் குலுக்கிய பூகம்பத்தின் அளவு ஏறத்தாழ 6. இடுக்கியின் பேரணைகளுள் பெரும்பாலானவை அப்போது கட்டப்படவே இல்லை. பாலக்காட்டுக் கணவாயைச் சூழ்ந்து நிகழும் சிறு நடுக்கங்களைப் பற்றி இத்தம்பதியர் 1996-இல் ஆய்வுரை ஒன்றை வெளியிட்டனர். தென்னிந்தியாவின் பாறை முதியது, உறுதியானது. ஆனாலும் அதில் பழைய வடுக்கள் உண்டு என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

அந்த வடுக்களின் தன்மையைப் பெருந்துயரத்தோடு உணர்த்தியது கில்லாரி. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்து அவ்வூரில் 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் விடியுமுன் பூமி அதிர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். தக்காணம் அசையாது என்ற நம்பிக்கையும் அன்று தகர்ந்தது. ஆராய்ச்சியாளர் அங்கே அகழிகள் வெட்டி மண்ணடுக்குகளை நோக்கினர். புதிதாகப் பிளவுண்ட இடம் உண்மையில் பழைய பிளவே. நீண்ட காலம் உறங்கி மீண்டும் அசைந்தது என்று ராஜேந்திரன் குழுவினர் முடிவு கண்டனர்.

அவர்கள் கட்ச் பகுதிக்கும் சென்றனர். அங்கே 1819-இல் நேர்ந்த பூகம்பம் சமவெளியின் குறுக்கே நெடிய மேடு ஒன்றை எழுப்பியது. மக்கள் அதற்கு ‘அல்லா பந்த்’, அதாவது இறைவன் எழுப்பிய கரை, என்று பெயரிட்டனர். அம்மேட்டை ஆராய்ந்து, அப்பகுதியில் பெரும் அசைவுகள் மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளமைக்கான சான்றுகளை இத்தம்பதியர் 1998-இல் வெளியிட்டனர். 2001 ஜனவரி 26-இல் புஜ் பூகம்பம் வந்தது. பூகம்பத்தின் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும், தமிழர் பலர் வாழும் மணிநகர் முதலிய பகுதிகளிலும் மாடிக் கட்டடங்கள் சரிந்தன. கீழ்த்தளத்தை வண்டி நிறுத்துவதற்கென்று சுவரின்றி, தூண்களின்மேல் மட்டும் நிறுத்திய கட்டடங்களே அவற்றுள் பல.

இனி, கடலுக்கு வருவோம். 2002 செப்டம்பரில் வட அந்தமானின் திக்லிப்பூர் அருகே ஒரு பூகம்பம் நேர்ந்தது. அதனை ஆராய்ந்த ராஜேந்திரன் குழுவினருக்கு அத்தீவுகள் அப்போதே ஆய்வுக்களமாயின. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை, சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலடித் தரை பிளந்தது. அளவு 9.1. கடலடித் தரை திடீரென உயரவே, அதன்மேல் நின்ற நீர் முழுவதும் உயர்ந்து அலையாய்ப் பரவியது. அவ்வலை நம் சோழமண்டலக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரம் இருந்தும் நாகப்பட்டினத்துக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை.

இத்தகைய அலை முன்னும் வந்ததுண்டா? இதை அறிய அக்குழுவினர் மாமல்லபுரத்திலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் மண்ணைத் தோண்டினர். அலை கடலிலிருந்து அள்ளி வரும் மணல், கரைக்களிமண்ணின்மேல் ஒரு தகடுபோல் படிகிறது. அதில் கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் கலந்திருக்கும். ஆனால் புயலும் கடலைக் கரையேற்றும். 1964-இல் தனுஷ்கோடியை அழித்தது புயலலையே அல்லவா? எனவே 2004-இல் படிந்த புது மணலையே உரைகல்லாகக் கொண்டு பழைய மணலை அவர்கள் சோதித்தனர். காவிரிப்பூம்பட்டினத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சோழர் காலச் சுனாமியின் சுவடு கிடைத்தது. 2011-இல் அதனை வெளியிட்டனர்.

புகாரைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையில் வருவதை நாம் அறிவோம். இரண்டையும் ஒன்றென முடிச்சிட மனம் விரையும். ஆயின் அக்காப்பியத்தை அறிஞர் பலர் இந்த மணலுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டதென்பர். காவியத்துக்குச் சான்று தேடிப் புறப்படாமல், மண் சொன்ன அளவை மட்டும் சொல்வதே ஆராய்ச்சியின் நேர்மை.

தாய்நாடு விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி ஏன் வேண்டும்? பூர்விக ஊரில் எந்த ஆறு எப்போது கரை மீறும், எந்த மேடு பத்திரம் என்பதைப் பாட்டன் சொல்லிப் பேரன் அறிகிறான். குடியேறிய ஊரில் அச்சொல் இல்லை. 2004-இல் அந்தமானின் ஓங்கி இனத்தவர் மேட்டுநிலம் நாடிப் பிழைத்தனர். நிக்கோபாரின் கச்சால் தீவில், இலங்கையிலிருந்து வந்து ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. அத்தீவு பேரழிவுக்கு உள்ளாயிற்று. குடியேறியோரின் நினைவுக்கு எட்டாத பழமையை மண்ணிலிருந்து படித்துத் தருவதே குசலா அம்மையார் போன்றோரின் தொண்டு. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் பெண் விஞ்ஞானிக்கென ஏற்படுத்திய விருதைப் பெற்றவர் அவர்.

அவர்கள் படித்துத் தந்ததைப் பயன்படுத்துவது நம் கடமை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. சோழமண்டலக் கரைக்கு அது போதிய அவகாசம் தரும். ஆனால் தீவுகளில் அலை அரை மணிக்குள் வந்துவிடலாம். அங்கே பூமியின் நீண்ட குலுக்கலே எச்சரிக்கை. எச்செய்திக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். மலையிலோ நகரத்திலோ வீடு கட்டுவோர், கதவு ஜன்னல்களின் மேலே நான்கு சுவரையும் சுற்றிப் பிணைக்கும் கான்கிரீட் பட்டையை விட்டுவிடலாகாது. அடுக்குமாடியில் வீடு வாங்குவோர் கீழ்த்தளத் தூண்களைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்டறிய வேண்டும். வாடகைக்குக் குடிபுகுவோரும் இவற்றைக் கேட்கத் தயங்கவேண்டியதில்லை. தண்ணீர் வசதி உண்டா, பள்ளிக்கூடம் அருகில் உண்டா என்று விசாரிக்கும் நாம், இந்த மண் முன்பு எப்போது நடுங்கியது என்பதையும் விசாரித்து, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போமாக.