ஊருக்குப் போறம், வயிறு கவனம்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் டொக்டர் இல்லை. ஏ லெவலோடை படிப்பை விட்டவன். பார்க் ரோயலில் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் வேலை. அங்கை நாள் முழுக்க என்ரை கையில் ஒரு வெப்பமானி. சூடாக வைக்கிற சாப்பாடு 63 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிராக வைக்கிறது 8 பாகைக்கு மேலே ஏறக் கூடாது. இந்த நாட்டுச் சட்டம் அது. இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். ஓகஸ்ட் மாதத்து யாழ்ப்பாண வெயிலை நீங்களே யோசியுங்கோ.

நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கையிருந்து கனபேர் வெளிக்கிடுகினம். ஊருக்குப் போக வழியில்லாத ஆக்கள் சென்னையிலோ திருச்சியிலோ தாய் தகப்பனைக் கண்டு வருகினம். பத்து வருஷம் காணாத அம்மாவோடை இருக்கக் கிடைக்கிறது மூன்று கிழமை. அதில் ஒரு கிழமையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்கிறதோ?

"நாங்கள் குடிச்சு வளர்ந்த தண்ணிதானே" என்று சொல்லுவம். உடம்பு அந்தப் பழக்கத்தை விட்டுவிடும். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு அது இருந்ததே இல்லை. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல். மலகூடக் குழியில் ஊறுகிறது கல்வெடிப்புகளுக்குள்ளாலை கிணத்துக்குப் போய்ச் சேரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015இல் பெரிதாக எழும்பியது. எண்ணெய் கொதியில் போகாது. பிள்ளையளுக்கு மூடி உடைக்காத போத்தல் தண்ணியே நல்லது.

அதுக்காகச் சாப்பிடாமல் வரச் சொல்லேல்லை! ஆவி பறக்கிற புட்டு, கல்லிலிருந்து நேரே வாற தோசை, அடுப்பாலை இறக்கின ஒடியல் கூழ், பயப்படாமல் சாப்பிடுங்கோ. கண்ணுக்கு முன்னாலை சீவின இளநீர், நீங்களே உரிச்ச வாழைப்பழமும் அப்படித்தான். காலமை இடிச்சு மத்தியானம் வரை கிடக்கிற சம்பல், வெட்டி வைச்ச பழம், சர்பத்துக்குள் போடுற ஐஸ்கட்டி, இவைதான் கவனம். மாமி ஆசையாக நீட்டுறதை மறுக்கிறது கஷ்டம். "சுடச்சுடத் தாங்கோ மாமி" என்றால் கோவிக்க மாட்டா.

வயிற்றோட்டத்தில் ஆபத்து, உடம்பு நீர் வத்துறதுதான். 1971இல் வங்காளதேசப் போரால் ஓடிவந்த அகதிகள் மேற்கு வங்காளத்துப் பன்காவ் முகாமில் கொலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏத்துகிற சேலைன் முடிஞ்சுபோக, டொக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைச்ச தண்ணியைக் குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 பேர் செத்த இடத்தில் சாவு 4க்கும் கீழே வந்தது. எங்களைப் போல அகதிகளிடம் நிரூபிச்ச மருந்து அது. ஊரில் 'ஜீவனி', இங்கை 'டயோரலைற்'. பைக்கற் இல்லாட்டி ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடக் கூடாது. ஓட்டத்தை நிப்பாட்டுற குளிசையைச் சின்னப்பிள்ளையளுக்குக் கொடுக்காதேங்கோ. இரத்தம் போனால், கடும் காய்ச்சல் என்றால், உடனை டொக்டரிட்டை போங்கோ.

தைபோயிட்டு ஊசியும் ஹெபரைற்றிஸ் ஏ ஊசியும் என்.எச்.எஸ்.இல் காசில்லை. ரிக்கற் போட்ட கையோடை ஜீ.பி.யிட்டைக் கேளுங்கோ. திரும்பி வந்து சில கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போய் வந்தனீங்கள் என்று கேளாட்டிலும் சொல்லுங்கோ. இங்கிலீசு வராத அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணுமென்று முதலே கேட்டு வையுங்கோ, அதுக்கும் காசில்லை.