பின்மூடி மூடியே இருக்கட்டும்!



சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்துக்குப் பின்பக்கம் கண்ணாடி வேண்டுமா, உலோக மூடி வேண்டுமா? எனக்கு முன்னால் பேசிய சகோதரி கண்ணாடிக் கட்சி. 'உள்ளே சக்கரம் நொடிக்கு அஞ்சு தடவை துடிக்குது, அந்த அழகைப் பாருங்க' என்றார். துடிக்கட்டும் அம்மா, யார் வேண்டாம் என்றது? ஆனால் வாட்ச்சைக் கையில் கட்டிய பிறகு அந்தக் கண்ணாடி எதைப் பார்த்துக்கொண்டிருக்கும்? என் மணிக்கட்டை! அழகை ரசிப்பது என் கை ரோமம்தான்! (சிரிப்பு)

'கண்ணாடி இருந்தா ரிப்பேர்காரர் கல்லைத் திருட முடியாது' என்றும் சொன்னார். பழைய வதந்தி! பதினேழு கல் என்றதும் ஏதோ அட்டிகை மாதிரி நினைத்துவிட்டோம். அது செயற்கை மாணிக்கம். அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைப்பது. நகைக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் டீச்செலவுக்குக்கூடத் தேறாது. (சிரிப்பு)

இந்தக் கண்ணாடி மோகம் ஏன் வந்தது? 1969 டிசம்பரில் ஜப்பானில் சீகோ நிறுவனம் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி வாட்ச்சைவிடத் துல்லியம். போகப்போக விலையும் சரிந்தது. மணி காட்டுகிற வேலை பறிபோனதும்தான், சாவி வாட்ச் சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்ட ஆரம்பித்தது! (கைதட்டல்)

மூடியின் அருமை தெரிய வேண்டுமா? நம் நாட்டில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளுக்கு ஆட்டத்தில் வாட்ச் கண்ணாடி உடைந்துபோகும். அதற்காக 1931-ல் 'ரிவர்சோ' என்ற வாட்ச் பிறந்தது. முகத்தைத் திருப்பி உள்ளே மறைத்துக்கொள்ளும். வெறும் உலோக முதுகு வெளியே நின்று அடி வாங்கும். அந்த முதுகு சும்மா இருக்கிறதே என்று அதில் பேர் வெட்டிக்கொண்டார்கள்.

அங்கேதான் என் கதையும் வருகிறது. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 1991-ல் ஓய்வு பெற்றபோது உடன் வேலை பார்த்தவர்கள் காசு போட்டு ஒரு எச்.எம்.டி. ஜனதா வாங்கிக் கொடுத்தார்கள். பின்மூடியில் அவர் பேரும் தேதியும். கோணல்மாணலான எழுத்துதான். அப்பா தினமும் காலையில் சாவி கொடுத்துவிட்டு, அந்த எழுத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவுவார். எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை 2016-ல் மூடிவிட்டார்கள். அப்பாவும் இப்போது இல்லை. வாட்ச் மட்டும் ஓடுகிறது.

போன வருஷம் என் பையன், எனக்கு ஆச்சரியம் கொடுக்கணும்னு, அதற்குக் கண்ணாடி மூடி மாட்டிக்கொண்டு வந்தான். 'அப்பா, பாருங்க, தாத்தா வாட்ச் எப்படித் துடிக்குது!' பார்த்தேன். உண்மையைச் சொல்லணும், அழகாகத்தான் இருந்தது.

'பழைய மூடி எங்கேடா?'

'கடையிலேயே விட்டுட்டேன்ப்பா.'

ஓடினேன். கடைக்காரர் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து முன்னால் கவிழ்த்தார். குவியல் குவியலாக மூடிகள்! எத்தனை பேருடைய பேர், எத்தனை கல்யாணத் தேதி! முக்கால் மணி நேரம் தேடினேன். கண்ணால் கண்டுபிடிக்கவில்லை, நடுவர் அவர்களே. கட்டை விரல்தான் கண்டுபிடித்தது. (கைதட்டல்)

இதோ, மூடியோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு முன் நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். கவனமா திருப்பிக் கொடுத்துடுங்க! (சிரிப்பு)