எட்டுப் படம் எடுக்கும் கேமரா

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் தொழில் சம்பந்தமா பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா எங்களுக்கும் புரியணும்" என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருந்தார். நான் கேமரா சென்சார்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிற மின்னணுப் பொறியாளன். இன்றைய சென்சாரைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். மீதிப் பேர் அப்படித் தூங்குகிறவர்களை அதே சென்சாரால் படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்! ஆகவே, முப்பது வருஷம் பின்னால் போவோம். சாதாரண ஜனங்கள் கடையில் வாங்கும்படி வந்த ஆரம்பகால டிஜிட்டல் கேமராக்கள் மூன்றை எடுத்துக்கொண்டு, எது எதில் பலம், எது எதில் பலவீனம் என்று பார்ப்போம். அவை வந்த காலத்தில் நான் அ, ஆ எழுதிப் பழகிக்கொண்டிருந்தவன். எனவே அந்தக் கேமராக்கள் மீது எனக்குப் பழைய பாசமும் இல்லை, பகையும் இல்லை.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஒளியை மின்னேற்றமாக மாற்றிப் பிடித்து வைக்கும் சி.சி.டி. என்ற சில்லு 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதை வைத்து 1975இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு கேமரா செய்து காட்டினார். படத்தில் 100க்கு 100, அதாவது பத்தாயிரம் புள்ளிகள்தான். ஒரு படம் காசெட் நாடாவில் பதிவாக 23 நொடி ஆனது. எடையோ மூன்றரைக் கிலோவுக்கு மேல். அந்தப் பரிசோதனை ஜனங்கள் வாங்கும் பொருளாக மாறுவதற்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் பிடித்தது.

அப்படி வந்த கேமராக்கள் யாரோடு போட்டி போட வேண்டியிருந்தது? ஃபிலிமோடு. 36 படம் எடுக்கும் ரோல், கையடக்கக் கேமரா, தெருமுனையில் ஸ்டூடியோ. படத்தின் துல்லியத்தில் அந்தக் கால டிஜிட்டல், ஃபிலிமின் பக்கத்திலேயே போக முடியாது. அப்புறம் எதை நம்பிக் களத்தில் இறங்கினார்கள்? ஃபிலிமில் ஒரே ஒரு பெரிய தொல்லை உண்டு. பட்டனை அழுத்திய பிறகு படம் நம் கண்ணுக்கு வர நாளாகும். ரோல் முடியணும், கழுவணும், பிரிண்ட் போடணும். அந்த வழியைக் குறுக்குவதுதான் டிஜிட்டலுக்கு இருந்த ஒரே வாய்ப்பு. மூன்று கம்பெனிகள் மூன்று விதமாகக் குறுக்கின.

முதலாவது, ஆப்பிள் குவிக்டேக் 100. வெளிவந்தது 1994, விலை 749 டாலர். ஆப்பிள் பெயரில் வந்தாலும் ஆப்பிளுக்காகச் செய்து கொடுத்தது கோடக். படம் 640 × 480, அதாவது சுமார் மூன்று லட்சம் புள்ளி. அன்றைய கம்ப்யூட்டர் திரைக்கு அது முழுப் படம். வண்ணமும் நன்றாக இருக்கும். ஃப்ளாஷும் கூடவே உண்டு. அது பலம். ஆனால் உள்ளே இருந்த நினைவகம் ஒரு மெகாபைட்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று லட்சம் புள்ளிக்குப் புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு படத்துக்கே கிட்டத்தட்ட ஒரு மெகாபைட் போய்விடும். சுருக்கிச் சுருக்கி வைத்தும் உயர் தரத்தில் எட்டே படம்தான் கொள்ளும். எடுத்த படத்தைக் கேமராவில் பார்க்கத் திரையும் கிடையாது. கேபிளைச் செருகி, கம்ப்யூட்டரில் இறக்கினால்தான் யார் கண்ணை மூடினார்கள் என்று தெரியும். பிடிக்காத ஒரு படத்தை மட்டும் கேமராவிலேயே அழிக்கவும் வழியில்லை. அழித்தால் எல்லாம் போகும்.

இரண்டாவது, காசியோ கியூ.வி.10. ஜப்பானில் 1995இல் வந்தது; விலை 65,000 யென். தரத்தை மட்டும் பார்த்தால் மூன்றிலும் மட்டம் இதுதான். படம் 320 × 240. குவிக்டேக்கில் கால்வாசி! ஃப்ளாஷும் கிடையாது. ஆனால் முதுகுப்புறத்தில் 1.8 அங்குல எல்.சி.டி. திரை ஒன்று இருந்தது. எடுக்கும்போதே பார்க்கலாம், எடுத்த உடனே பார்க்கலாம், பிடிக்காததை அங்கேயே அழிக்கலாம். லென்ஸைத் திருப்பி உங்களை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆமாம் தம்பிகளே, செல்ஃபிக்கு வயது உங்களைவிட அதிகம்! 96 படம் வரை கொள்ளும். பலவீனம்? அந்தத் திரைதான். நான்கு பென்டார்ச் செல்லை மளமளவென்று குடித்துத் தீர்த்துவிடும். எதனால் அந்தக் கேமராவுக்குப் பெயர் வந்ததோ, அதனாலேயே அது பாதியில் கண்ணை மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, சோனி டிஜிட்டல் மாவிகா, எஃப்.டி.7 மாடல், 1997. இது கம்ப்யூட்டருக்குப் போகும் வழியைக் குறுக்கியது. சாதாரண மூன்றரை அங்குல ஃப்ளாப்பியிலேயே படத்தை எழுதியது. கேபிள் வேண்டாம், தனி மென்பொருள் வேண்டாம். ஃப்ளாப்பியை எடுத்து எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஜேபெக் படமாகத் திறக்கும். பக்கத்து மேசைக்காரருக்கும் எடுத்து நீட்டலாம். பத்து மடங்கு ஜூமும் உண்டு. பலவீனமும் அதே ஃப்ளாப்பியிலிருந்துதான் வந்தது. அதைச் சுழற்றும் டிரைவ் உள்ளே உட்கார வேண்டுமென்பதால் கேமரா டிபன் பாக்ஸ் மாதிரி பருமன், அரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு படத்தை எழுதி முடிக்கச் சில நொடி காத்திருக்கணும். 1.44 மெகாபைட்டில் நல்ல தரப் படம் சுமார் இருபதுதான் கொள்ளும். புள்ளிகளைக் கூட்டினால் அதுவும் குறையும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். இவற்றின் பலமும் பலவீனமும் தனித்தனியாக வந்தவை அல்ல. ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். துல்லியம் வேண்டுமென்றால் படத்தின் எண்ணிக்கை போச்சு. திரை வேண்டுமென்றால் செல் போச்சு. ஃப்ளாப்பியின் வசதி வேண்டுமென்றால் வேகமும் இடமும் போச்சு. விளம்பரத்தில் இடது பக்கத்தைப் போடுவார்கள். வலது பக்கத்தை எழுதிப் பார்ப்பது பொறியாளன் வேலை.

அடுத்த கேள்வி, யார் ஜெயித்தார்கள்? புள்ளிகளை எண்ணினால் காசியோவைக் குவிக்டேக் முந்த வேண்டும். ஆனால் 1997இல் ஆப்பிள் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. மட்டமான படம் தந்த கியூ.வி.10இன் திரை மட்டும் பின்னால் வந்த எல்லாக் கேமராவிலும் குடியேறிவிட்டது. செல் தீர்வது பேட்டரி முன்னேறினால் சரியாகிவிடுகிற குறை. படம் மங்கல் என்பதும் சென்சார் முன்னேறினால் தீரும் குறை. எடுத்ததும் பார்க்க முடியாத குறையோ, திரை வைத்தால் ஒழியத் தீராது. ஃப்ளாப்பியின் கொள்ளளவும் அப்படியே நின்றுவிட்டது. 2000இல் சோனியே மாவிகாவில் சிறிய சி.டி.யைப் போட்டுப் பார்த்தது. அதற்குள் 1994இல் வந்த காம்பாக்ட் ஃப்ளாஷ் போன்ற அட்டைகள் முன்னேறிவிட்டன.

1999இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950ஐப் பாருங்கள். இருபது லட்சம் புள்ளி, திரை, காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை, மூன்று மடங்கு ஜூம், எல்லாம் ஒன்றாக. நம் வீட்டு ஆல்பத்தில் வைக்கிற 4க்கு 6 அங்குலப் பிரிண்டில், 640 புள்ளிப் படம் அங்குலத்துக்குச் சுமார் 107 புள்ளிதான் தரும். கூல்பிக்ஸின் 1600 புள்ளிப் படம் சுமார் 267 தரும். நல்ல அச்சுக்கு 300 என்பது வழக்கக் கணக்கு. ஐந்தே வருஷத்தில் ஆல்பத்துக்குப் போதும் என்கிற நிலைக்கு வந்துவிட்டோம்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2000 நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் செய்த ஒரு கைபேசி வந்தது. அதன் கேமராவில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் புள்ளி, குவிக்டேக்கைவிடவும் குறைவு! ஆனால் எடுத்த படத்தை அந்தப் போனிலிருந்தே இன்னொருவருக்கு அனுப்பலாம். வழி இன்னும் குறுகியது. மிச்சத்தை உங்கள் சட்டைப் பையிலிருக்கும் போன் சொல்லும்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "எங்கள் கருவியின் சிறப்புகள்" என்று ஒரு பக்கம் எழுதுவீர்கள். பக்கத்திலேயே ஒவ்வொரு சிறப்புக்கும் கொடுத்த விலை என்ன என்று எழுதுங்கள். அந்தக் குறை காலத்தோடு தானே தீருமா, கருவி இருக்கும் வரை கூடவே இருக்குமா என்றும் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்வீர்கள்.

அண்ணன்மார், அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவிகாவின் பெரிய பலம், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்பது. இன்று ஃப்ளாப்பி போடும் ஓட்டை உள்ள கம்ப்யூட்டரைத் தேடித்தான் பிடிக்கணும். சோனியே 2011 மார்ச்சோடு ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. காந்தப் பூச்சு வருஷத்துக்கு வருஷம் நலிந்துகொண்டே போகும். 1980இல் எடுத்த படத்தின் நெகட்டிவ், ஈரம் படாமல் இருந்தால், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே முகம் தெரியும். 1998இல் ஃப்ளாப்பியில் போட்ட படத்தை அப்படிப் பிடித்துப் பார்க்க முடியுமா? எடுத்தவுடன் பார்க்கும் வழியைக் குறுக்கிய நாம், முப்பது வருஷம் கழித்துப் பார்க்கும் வழியை நீட்டிவிட்டோம். ஆரம்பகால டிஜிட்டல் கேமராக்களின் பட்டியலில் யாரும் எழுதாத பலவீனம் அதுதான்.

ஆகவே, உங்கள் வீட்டு அலமாரியில் ஃப்ளாப்பியோ, பழைய சி.டி.யோ, காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையோ இருந்தால் இந்த வருஷமே வெளியே எடுங்கள். யு.எஸ்.பி.யில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் இன்னும் விலைக்குக் கிடைக்கிறது. படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். முக்கியமான நாலு படத்தைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயரும் வருஷமும் எழுதுங்கள். ஹாஸ்டல் விழாப் படமோ, லேப் படமோ இருந்தால் நம் சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். அடுத்த மலரில் உங்கள் பேட்ச் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் மட்டும் இல்லாமல் முகங்களும் இருக்கட்டும்.